தானாக ஏறும் மாட்யூல் ஏறாதபோது

தீப்பெட்டி ஆலையால் பெயர்பெற்ற வடசென்னையின் விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பகுதியின் அன்றாடத்தை இன்னும் தீர்மானிப்பவை கன்டெய்னர் லாரிகள்தான். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று பக்கமும் அவை போய்வருகின்றன. சரக்கு நிரப்பிய கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து எழுத்தில் கொடுக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நடப்பிலுள்ள கடற்பாதுகாப்பு விதி. ஆகவே எடைமேடை இல்லாமல் இந்த வட்டாரத்தில் சரக்கு நகராது. லாரி மேடையில் ஏறி நின்றதும் அடியிலுள்ள லோடு செல்கள் தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை எடை காட்டும் பெட்டி எண்ணாக மாற்றுகிறது. அந்த எண் பொதுவாக ஆர்எஸ்-232 என்ற பழைய இணைப்பின் வழியே வெளியே வரும். இன்றைய கணினிகள் பலவற்றில் அந்தப் பழைய போர்ட் கிடையாது. அதனால் நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றிக் கேபிள் தேவைப்படுகிறது. கணினி லினக்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளைச் செருகியதும் அதற்குரிய டிரைவர் தானாக ஏறி, 'டிடிஒய்யுஎஸ்பி0' என்ற பெயரில் ஒரு போர்ட் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. வெளியே லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இப்போது எங்கே பார்ப்பது?

பலரும் தரும் பதில், டிரைவரின் பெயரைச் சொல்லிக் கையால் ஏற்றிப் பார்ப்பது. ஏறிவிட்டால், கணினி துவங்கும்போதெல்லாம் அதை ஏற்றும்படி ஒரு வரி எழுதிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அது தீர்வாகாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு மாட்யூல் தானாக ஏறுவது, எழுத்தில் பதிந்திருக்கும் பெயர்ப் பொருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுவதால் நடக்கிறது. அந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியையும் திறந்து படிக்க முடியும். எது அறுந்தது என்று படித்துத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் எந்தத் திருத்தமும் கோளாறை இடம் மாற்றிவைக்குமே தவிரப் போக்காது.

முதலில் மாட்யூல் என்பது ஏன் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கணினியின் நினைவகம், செயலி, சாதனங்கள் அனைத்தையும் ஆளும் மைய நிரலான லினக்ஸ் கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டபோது எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. புதிதாக ஒரு சாதனம் வந்தால் அதன் டிரைவரையும் சேர்த்துக் கெர்னல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஒரு துண்டைச் செருகவும் எடுக்கவும் முடிகிற மாட்யூல் முறை 1995இல் வந்த 1.2 பதிப்போடு நிலைபெற்றது. அடுத்த கேள்வி, எதை எப்போது செருகுவது என்பதை யார் சொல்வது? கெர்னல்டி என்ற பின்னணி நிரல் சில ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தது. 1999இல் வந்த 2.2 பதிப்பில் அந்தப் பொறுப்பைக் கெர்னலே ஏற்று, தேவைப்படும்போது மோட்ப்ரோப் என்ற வெளி நிரலை அழைக்கத் தொடங்கியது. 2003இல் யுடெவ் என்ற சாதன மேலாண்மை நிரல் வந்தது. சாதனம் செருகப்பட்டது என்று கெர்னல் அறிவிக்க, அதைக் கேட்டு உரிய மாட்யூலைத் தேடும் வேலை பின்னர் அதற்குப் போனது. இன்று ஒரு சாதாரண லினக்ஸ் நிறுவலில் ஆயிரக்கணக்கான மாட்யூல் கோப்புகள் வட்டில் கிடக்கின்றன. அந்தக் கணினிக்கு வேண்டியவை மட்டும் நினைவகத்தில் ஏறுகின்றன.

பொருத்தம் எப்படி நடக்கிறது? ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட ஓர் எண் இருக்கும். உரிமையாளர் யார், பெட்டி எது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுவதால், துறைமுக வாயிலில் இருப்பவர் பெட்டியைத் திறந்து பார்க்காமலே அதை எந்த யார்டுக்கு அனுப்புவது என்று பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். யுஎஸ்பி சாதனமும் அப்படியே தன் எண்ணோடு வருகிறது: முதல் பாதி தயாரித்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட எண், இரண்டாம் பாதி அந்த நிறுவனம் தன் பொருளுக்கு வைத்த எண். ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனத்தின் பரவலான மாற்றிச் சில்லு 0403:6001 என்று தன்னை அறிவிக்கும். கெர்னல் இதையும் சாதனத்தின் வகை, துணைவகை எண்களையும் கோத்து மோடலையாஸ் எனப்படும் ஒரே வரியாக எழுதுகிறது. மறுபக்கம், ஒவ்வொரு டிரைவரும் தான் கையாளக்கூடிய எண்களின் பட்டியலைத் தனக்குள் வைத்திருக்கிறது. டெப்மாட் என்ற கருவி எல்லா மாட்யூல்களிலிருந்தும் அந்தப் பட்டியல்களைத் திரட்டி 'மாட்யூல்ஸ்.அலையாஸ்' என்ற கோப்பிலும், எந்த மாட்யூலுக்கு எது முன்தேவை என்பதை 'மாட்யூல்ஸ்.டெப்' என்ற கோப்பிலும் எழுதிவைக்கிறது. சாதனம் வந்ததும் யுடெவ் மோடலையாஸ் வரியை முதல் கோப்பில் தேடி, 'எஃப்டிடிஐ_எஸ்ஐஓ' என்ற பெயரைக் கண்டு, முன்தேவைகளோடு சேர்த்து ஏற்றுகிறது. இதில் கண்ணால் படிக்க முடியாத இடம் ஒன்றுகூட இல்லை.

இதைப் புரிந்துகொண்டால், கையால் ஏற்றிப் பார்ப்பது ஏன் தவறான சோதனை என்பதும் விளங்கும். மாட்யூலின் பெயரை நேரடியாகச் சொல்லும்போது, சாதனம் தன்னை அறிவித்ததா, வரி சரியாக எழுதப்பட்டதா, பட்டியலில் பொருத்தம் இருந்ததா என்ற மூன்று கேள்விகளையும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். தடைப்பட்டியல் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் ஏமாற்றும். மோட்ப்ரோபின் அமைப்புக் கோப்புகளில் 'பிளாக்லிஸ்ட்' என்று ஒரு மாட்யூலைக் குறித்திருந்தால், யுடெவ் அதை ஏற்றாது. ஆனால் அதே மாட்யூலின் பெயரை நாம் கட்டளையில் தட்டினால் வழக்கமாக ஏறிவிடும். வேறொரு மாட்யூலின் முன்தேவையாக இருந்தாலும் ஏறிவிடும். அந்தத் தடை மாட்யூலின் மாற்றுப் பெயர்களைத்தான் மறைக்கிறது. எனவே 'கையால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை' என்பது முரண்பாடே இல்லை. இரண்டும் இரு வேறு வழிகள். சரியான சோதனை, சாதனங்களின் விவரங்களைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் சாதனத்துக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் மோடலையாஸ் வரியை அப்படியே எடுத்து, அது எந்த மாட்யூலுக்குப் போய்ச் சேர்கிறது என்று மோட்ப்ரோபிடம் கேட்பதுதான். அது விடையில்லாமல் திரும்பினால் கோளாறு பட்டியலில்; பெயரைச் சொல்லியும் மாட்யூல் ஏறாமல் இருந்தால் கோளாறு அதற்குப் பின்னால்.

தொடரை முன்னிருந்து பின்னாக நடந்து பார்க்கலாம். சாதனம் செருகப்பட்டது என்ற வரியே கெர்னல் பதிவில் இல்லையென்றால் மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. கேபிள், போர்ட், மின்வரத்து இவற்றில்தான் பிழை. கடற்காற்றின் உப்பு உலோக முனைகளை அரிக்கும் எண்ணூர்க் கரையில் இந்த முதற்படியைத் தாவிச் செல்வது வீண் உழைப்பு. வரி இருக்கிறது, ஆனால் எந்த மாட்யூலும் கிடைக்கவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பையும் மாட்யூல் அடைவின் பதிப்பையும் ஒப்பிட வேண்டும். புதுப்பிப்பு புதிய கெர்னலை வட்டில் வைத்துப் பழையதன் மாட்யூல்களை நீக்கியிருக்கலாம். மறுதுவக்கம் நடக்காததால் நினைவகத்தில் ஓடுவது இன்னும் பழைய கெர்னல். ஏற்கனவே ஏறியவை எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும், புதிதாகச் செருகுவது மட்டும் வேலை செய்யாது. நேற்றுவரை நன்றாக இருந்தது என்ற குழப்பத்துக்கு இதுவே அடிக்கடி காரணம். மறுதுவக்கமே இங்கே முறையான தீர்வு. வட்டையே படிக்க உதவும் மாட்யூல் என்றால் இன்னொரு அடுக்கு உண்டு. வட்டைத் திறக்க வேண்டிய டிரைவர் அந்த வட்டுக்குள்ளேயே இருந்தால் பயனில்லை. அதனால் துவக்க நேரத்துக்கென்றே ஒரு சிறு கோப்புத் தொகுப்பு தனியாகக் கட்டப்படுகிறது. அதில் மாட்யூல் சேராமல் போனால் கணினி துவக்கத்திலேயே நின்றுவிடும்.

மாட்யூல் ஏற முயன்று தோற்பது வேறு வகை. கெர்னல் பதிவும் மோட்ப்ரோபும் இங்கே வெளிப்படையாகவே பேசும். சாதனத்துக்குள் செலுத்த வேண்டிய ஃபெர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்றால் கோப்பின் பெயரோடு சொல்லும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்ற முயன்றால், சாவி நிராகரிக்கப்பட்டது என்று சொல்லும். வேறு பதிப்புக்காகக் கட்டிய மாட்யூல் என்றால், வடிவம் ஒத்துவரவில்லை என்று சொல்லும். மாட்யூல் ஏறி, போர்ட்டும் தோன்றி, எடை மட்டும் வரவில்லை என்றால் பயனரின் அனுமதியைப் பார்க்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் வழிவந்த அமைப்புகளில் தொடர் போர்ட்டைத் திறக்கப் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்துக்கும் மாட்யூலுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் மாட்யூலைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி மணிக்கணக்கை இழப்பவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள்.

இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று 2022இல் வந்த உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்பு. மலிவான மாற்றிக் கேபிள்கள் பலவற்றில் சீனாவின் சிஎச்340 சில்லு இருக்கும். அதன் எண் 1ஏ86:7523. அந்தப் பதிப்பில் இந்தக் கேபிளைச் செருகியவர்கள் டிடிஒய்யுஎஸ்பி0 ஒரு கணம் தோன்றி உடனே மறைவதைக் கண்டார்கள். மாட்யூல் சரியாக ஏறியிருந்தது, பொருத்தமும் சரியாக நடந்திருந்தது. பதிவைப் படித்தபோதுதான், பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்டிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை சாதனத்தைத் தன்வசம் எடுத்துக்கொள்வது தெரிந்தது. ஒரு பிரெய்ல் காட்டியிலும் இதே சில்லு, இதே எண்ணோடு பயன்பட்டிருந்ததால், யுடெவ் விதியில் அந்த எண் இடம்பெற்றிருந்தது. ஒரே எண்ணுக்கு இரண்டு உரிமைகள், இரண்டும் நியாயமானவை. இந்தச் சில்லுக்கான சிஎச்341 மாட்யூலைக் கையால் எத்தனை முறை ஏற்றினாலும் இது தீராது. சேவை முழுவதையும் நீக்கிவிடச் சொல்லும் அறிவுரை எளிதாகப் பரவியது. ஆனால் அதே கணினியில் பிரெய்ல் காட்டியை நம்பி வேலை செய்பவர் ஒருவர் இருந்தால், அந்த அறிவுரை அவரைக் கணினியிலிருந்தே வெளியேற்றிவிடும். கண்ணி எது என்று அறிந்தவர் அந்த ஒரு எண்ணுக்கான ஒரு விதி வரியை மட்டும் செயலிழக்கச் செய்வார். நோயறிதல் துல்லியமாக இருந்தால் மருந்தும் யாரையும் காயப்படுத்தாது.

எண் என்ற கண்ணியே மாறிப்போன வரலாறும் உண்டு. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸுக்கு வெளியிட்ட புதிய டிரைவர், தன் சில்லின் போலிகளைக் கண்டறிந்து அவற்றின் பொருள் எண்ணைப் பூஜ்ஜியமாக்கி எழுதிவிட்டது. அந்தக் கேபிளைப் பிறகு எந்தக் கணினியில் செருகினாலும் 0403:0000 என்றே தன்னை அறிவிக்கும். எந்தப் பட்டியலிலும் அந்த எண் அப்போது இல்லாததால் லினக்ஸிலும் டிரைவர் வரவில்லை. சில்லின் மின்சுற்று சேதப்படவில்லை, அழிந்தது அதன் அடையாளம் மட்டும்தான். லினக்ஸ் பக்கம் கிடைத்த தீர்வு சில வரிகள்தான்: அந்தப் பூஜ்ஜிய எண்ணையும் எஃப்டிடிஐ_எஸ்ஐஓ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வாங்கிய கேபிளில் இருப்பது அசலா போலியா என்று கடையில் பார்த்துச் சொல்ல இயலாத சிறு தொழில்முனைவோருக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி இல்லை. பட்டியலைத் திறந்து படிக்கவும் திருத்தவும் முடிந்ததால்தான் செத்ததாகக் கருதிய கேபிள் மறுபடி உழைத்தது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: இவ்வளவு கண்ணிகள் எதற்கு, எல்லா டிரைவர்களையும் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டால் ஏறாமல் போகும் பேச்சே இருக்காதே? ஒரே பணிக்கு ஒரே வன்பொருளோடு செய்யப்படும் கருவிகளில் அப்படித்தான் செய்கிறார்கள், அது சரியும்கூட. ஆனால் பொதுப் பயன்பாட்டில் நிலைமை வேறு. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் நிறுவப்பட்டது. எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக ஆண்டுதோறும் ஒப்பந்தப்புள்ளி கோரி வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிய மடிக்கணினிகள் 50 லட்சத்தையும் தாண்டி மாணவர்களுக்குப் போயின. ஆண்டுக்கு ஆண்டு நிறுவனம் மாறும்போது வைஃபை சில்லும் ஒலிச் சில்லும் மாறத்தான் செய்யும். இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே இயங்குதளம் தாங்க வேண்டுமென்றால், வந்த சாதனத்தைப் பார்த்து வேண்டியதை ஏற்றும் முறை தவிர வேறு வழியில்லை. எல்லாவற்றையும் உள்ளே கட்டினால் கெர்னல் வீங்கும். அதைவிட, ஒரே எண்ணைக் கோரும் இரண்டு டிரைவர்களில் எதை விலக்குவது என்று முடிவுசெய்யும் வசதியும் போய்விடும். பிராட்காம் வைஃபை சில்லுகளுக்குத் திறந்த டிரைவரும் நிறுவனத்தின் டிரைவரும் போட்டியிடும்போது ஒன்றைத் தடைப்பட்டியலில் வைத்துத்தானே தீர்க்கிறோம்.

இரண்டாவது எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது. லாரிகள் காத்திருக்கும்போது கையால் ஏற்றி வேலையை முடிப்பதுதானே அறிவு? அந்த நிமிடத்தில் ஏற்றுவதில் தவறில்லை. வரிசையில் நிற்கும் ஓட்டுநரின் நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் ஏற்றுவதற்கு முன் கெர்னல் பதிவைக் கோப்பில் சேமித்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் ஏற்றினால், நடந்தது என்ன என்பதைச் சொல்லும் வரிகளோடு நம் சொந்த நடவடிக்கையின் வரிகளும் கலந்துவிடும். நிரந்தரமாகத் துவக்கப் பட்டியலில் எழுதிவைப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கேபிள் பழுதாகி வேறு சில்லுள்ள கேபிள் வாங்கும் நாளில், துவக்கப் பட்டியல் பழைய டிரைவரையே ஏற்றி வைத்திருக்கும். புதியதற்கான அறுந்த கண்ணி அறுந்தபடியே இருக்கும். அன்று வருபவருக்கு, முன்னால் எப்படி வேலை செய்தது என்பதே புதிராகிவிடும்.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது: தானாக ஏற்றுவதே பாதுகாப்புக்குக் கேடு. இதற்குச் சான்று இருக்கிறது. சாதனம் செருகாமலும் மாட்யூல் ஏறும். ஒரு நிரல் அரிதான வலைப்பின்னல் நெறிமுறை ஒன்றைக் கேட்டால், கெர்னல் அதற்குரிய மாட்யூலை மோட்ப்ரோப் வழியாக வரவழைத்துக்கொள்ளும். கேட்பவருக்கு நிர்வாகி உரிமை இருக்க வேண்டியதில்லை. டிசிசிபி என்ற நெறிமுறை 2005இல் வந்த 2.6.14 பதிப்பில் சேர்ந்தது. அதனுள்ளேயே ஒளிந்திருந்த ஒரு நினைவகப் பிழையை ஆந்திரேய் கொனோவலோவ் 2017 பிப்ரவரியில் வெளிப்படுத்தினார். சாதாரணப் பயனர் ஒருவர் அந்த மாட்யூலை வரவழைத்து, அந்தப் பிழையின் வழியே கணினி முழுவதையும் கைப்பற்ற முடியும் என்பது தெரியவந்தது. டிசிசிபியை ஒருநாளும் பயன்படுத்தாத கணினிகளும் இந்த ஆபத்தில் இருந்தன. இந்த எதிர்வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அன்று கிடைத்த உடனடிக் காப்பு, அந்த மாட்யூலை ஏற்றும் கோரிக்கை வந்தால் ஒன்றுமே செய்யாத ஒரு கட்டளையை ஓட்டும்படி மோட்ப்ரோப் அமைப்பில் எழுதிய ஒரே வரி. எல்லாம் ஏறிய பிறகு, மறுதுவக்கம் வரை இனி எந்த மாட்யூலும் ஏறக் கூடாது என்று பூட்டும் வசதியும் கெர்னலில் இருக்கிறது. ஒரே வேலைக்கென்று வைத்த சர்வருக்கு அது பொருந்தும், கேபிள் மாறக்கூடிய எடைமேடைக் கணினிக்குப் பொருந்தாது. எந்தக் கதவை எங்கே அடைக்கலாம் என்று தீர்மானிக்க, எந்தக் கதவு எதற்குத் திறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவும் கோளாறு தேடுபவரின் அறிவும் ஒன்றே.

கடைசி எதிர்வாதம், இது சாதாரண இயக்குநரின் வேலையா என்பது. மோடலையாஸ் வரியை அவர் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. இயங்குதளத்தைத் தயாரிப்பவர்தான் இந்தக் கண்ணிகள் அறாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். ஆனால் தயாரிப்பாளர் எங்கோ இருக்கிறார், கேபிள் இங்கே இருக்கிறது. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லப்படும் பிழை அவரிடம் போய்ச் சேர்ந்தும் பயனற்றுப் போகிறது. சாதனத்தின் எண், கெர்னலின் பதிப்பு, பதிவின் பத்து வரிகள் இவற்றோடு சொல்லப்படும் பிழை திருத்தமாகி, அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் திரும்பி வருகிறது. பிஆர்எல்டிடிஒய் விதி அப்படித்தான் திருத்தப்பட்டது. பூஜ்ஜிய எண் அப்படித்தான் பட்டியலில் சேர்ந்தது. வடசென்னையில் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்கும் இளைஞர்களுக்கு நம் ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் இந்த ஒரு பழக்கத்தை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்: கட்டளை தட்டுவதற்கு முன் பதிவைப் படிப்பது, ஒரு நேரத்தில் ஒரு கண்ணியை மட்டும் சோதிப்பது, கண்டதை எழுதிவைப்பது. டிரைவர்களின் பெயர்கள் பத்து ஆண்டில் மாறிவிடும், கருவிகளும் மாறும். சான்றைத் தேடிக் காரணத்தை அடையும் முறை மாறாது. அதைக் கற்றவர் கேபிளைச் செருகத் தெரிந்தவராக மட்டும் நின்றுவிடாமல், கணினியைத் தம் அறிவின் கீழ் கொண்டுவந்தவராகவும் ஆகிறார்.